தலைமாட்டுக்கு மேலே ஒரு சதுரம்

பட்டறை ஆட்கள் பத்து மணி டீக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் கூரையை வெட்டிவிடுவார்கள். அதற்குள் கோடு சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று சென்னியப்பன் வேனின் பின்கதவு வழியாக ஏறி, இருக்கைகள் கழற்றப்பட்ட வெறுந்தரையில் தோள்துண்டை விரித்து, வண்டியின் குறுக்காக, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். அவர் மல்லாந்து படுக்கிறவர். ஒருக்களித்துப் படுப்பது தெய்வானை. இடது கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, முழங்காலைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வாள். அவரும் கையை மடக்கினார், முழங்காலை இழுத்தார். அறுபத்தாறு வயதில் பெண்டாட்டி மாதிரிப் படுத்துப் பார்க்கிற ஆளை எவனாவது கண்டால் என்ன நினைப்பான் என்று காது சூடாயிற்று. பட்டறையில் யாரும் இல்லை, எங்கோ ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடித் திறந்தார். கழுத்தைத் திருப்பாமல் விழியை மட்டும் மேலே தூக்கினால் எது தெரிகிறதோ அங்கேதான் அந்தச் சதுரம் இருக்க வேண்டும். இருந்தது. கூரையின் இரண்டு இரும்பு வளைவுகளுக்கு நடுவே, தலைமாட்டுக்கு நேர்மேலே, கண்ணாடி பதிக்க இரண்டடிக்கு இரண்டடி சாக்பீஸ் கோடு. சரிதான். சரிதானா? பட்டறை மேஸ்திரி மணவாளன் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "தகரத்த வெட்டிட்டா வெட்டுனதுதானுங்கய்யா. அப்பறம் தள்ளி வெக்கோணும்னா ஒட்டுப் போடலாம். ஆனா ஒட்டுப் போட்ட கூரை என்னைக்காச்சும் ஒரு மழைக்குக் காட்டிக் குடுத்துரும். ஒருக்கா நல்லாப் பாத்துப்போடுங்க." இந்தக் கரூரில் பஸ் கூடு கட்டுகிறவர்களுக்கு நடுவிலேயே காலம் கழித்தவர் சென்னியப்பன், எத்தனையோ கூரை ஒழுகிப் பார்த்திருக்கிறார். ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம். சதுரம் இடம் மாறிப்போனால் துடைக்க முடியாது. வண்டியை வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்று ஆரம்பித்ததே தெய்வானைதான், ஆனால் முதலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். "கண்ணு மூடுச்சுன்னா போலாம். மூடலீன்னா வண்டிய வித்துப்போடலாமுங்க. நீங்க வருத்தப்படக் கூடாது." கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிற மாதிரித்தான் சொன்னாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். பக்கத்து ஜன்னல்களை நான் பார்த்துக்கொள்கிறேன், மேலே இருப்பதை நீங்கள் பாருங்கள் என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறாள்.

ஏன் தன்னிடம் விட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவள் தூங்குவதை அவள் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவளைப் போட்டிருந்த அறைக்கு ஜன்னல் இருந்தது, ஆனால் கண்ணாடிமேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு குழல்விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். விடிந்ததா இருட்டியதா என்று தெரியாமல், மூச்சுக்கு ஒரு குழாயை வைத்துக்கொண்டு கிடந்தாள். தொற்று என்று யாரையும் உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி உடம்பைப் பற்றியதல்ல. "அங்க எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருந்தனுங்க?" அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் கூடப் போனவர், அறை வாசல் வரைக்கும் போய் நின்றவர், கட்டிலின் திசையைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. தெற்காகத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தார். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வடக்கே தலை வைத்துப் படுத்தவள் பிழைத்து வந்திருக்கிறேன் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து கூரைக்குக் கீழே அவளுக்குத் தூக்கம் கிடையாது. மொட்டைமாடியில் பாய், தலை தெற்கே. மழை வந்தால் கீழே இறங்கி வாசற்படியில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமலே அவர் கவனித்து வைத்திருந்தார்: இரவில் நான்கு முறை, சில நாள் ஐந்து முறை, அவள் கண் திறக்கும். உடம்பு அசையாது. விழி மட்டும் மேலே போய், ஒரு நட்சத்திரமோ மேகமோ, ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். மூடிக்கொள்ளும். கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று எழுந்து பார்த்துவிட்டு வந்து படுப்பது போல, அவ்வளவுதான். அந்தத் தொடுகைக்கு ஒரு இடம் வேண்டும். அவளுக்குத் தாழ்ப்பாள் நேர்மாறு, திறந்திருந்தால்தான் தூக்கம். காலையில் எழுந்தால் அந்த முகத்தில் ஒரு புகாரும் இருக்காது. தண்ணீர் பார்த்து, டயரைக் காலால் தட்டி, பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு குழந்தையை மணியடித்த பிறகு இறக்கிவிட்டதில்லை. இதைச் சொல்லி அவளைப் பாராட்ட வேண்டும் என்று அவர் பலமுறை வாயெடுத்திருக்கிறார். வாய் வரைக்கும் வந்துவிட்டு, "பரவாயில்லயே" என்று ஒரு சொல்லாகச் சுருங்கிப்போகும்.

வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக எத்தனை டிரைவர்களோடு ஓடியவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் ஆளை எண்ணுகிற கண் மட்டும் நிற்கவில்லை. கூட்டத்தில் எந்தத் தலைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை என்று பின்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம், அதனால் கைகளைப் பார்த்தே பழகினார். வளையல் கை, எண்ணெய்க் கை, நடுங்குகிற கை. டிரைவர்களை அவர் காலால் அறிவார், பிரேக் விழும்போது தன் பாதம் எவ்வளவு வழுக்குகிறது என்பதை வைத்து. அந்தக் கணக்குப்படி தெய்வானைக்குப் பக்கத்தில் வைக்க ஓர் ஆள் கிடையாது. முப்பத்தொன்பது வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேனில் போய்வந்துகொண்டிருந்தவள், டிரைவர் ஒருநாள் பாதி வழியில் தண்ணி போட்டுவிட்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கு நானே ஓட்டிப்போடுவேன்" என்றாள், ஓட்டிவிட்டாள். முதல்முறை அவள் ஓட்டி அவர் பின்னால் உட்கார்ந்து போனபோது, திருப்பத்தில் அவரை அறியாமல் கை போய்ப் பக்கத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்று வாய் சொல்லிவிட்டது. கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சம்பளம் கேக்காத கண்டக்டரு. தட்டுங்க, தட்டுங்க." அன்று முன்சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் படுக்க வைத்திருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை அது உருளவில்லை. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டு போனார். இதே வண்டிதான் அது. பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டினார்கள், இவள் வாங்கிக்கொண்டாள். மஞ்சள் பெயின்ட்டுக்கு மேலே இனி என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஜன்னல்களை மட்டும் முடிவு செய்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, குழந்தைகள் கையை வெளியே நீட்டாமலிருக்க மூன்று மூன்று கம்பி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. இது வாந்தி எடுக்கிற தாரணி ஜன்னல், இது கம்பியை நக்குகிற பிரபு ஜன்னல். தாரணி வாந்தி எடுக்கிற திருப்பம் எதுவென்று தெரிந்து, அதற்கு முந்தின புளியமரத்தடியிலேயே நிறுத்தி, அந்தக் குழந்தையை இறக்கிக் காற்று வாங்க வைத்து ஏற்றுவாளாம். மற்ற குழந்தைகளிடம் ரேடியேட்டர் சூடு என்று சொல்வாளாம். ஒரு குழந்தையின் மானத்துக்காக வருஷம் பூராவும் வண்டிக்குச் சூடு ஏற்றியவள்.

பக்கத்து ஜன்னல் விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும், அதற்குள்ளே திரையும் வேண்டும். தெரியாத ஊரில், கோயில் குளத்தோரமோ பெட்ரோல் பங்கோ, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பனியனோடு உட்கார்ந்து தோசை தின்னும்போது போகிறவன் வருகிறவன் எட்டிப் பார்த்தால் தொண்டையில் இறங்குமா. பஸ்ஸுக்குள் அறுபது பேர் பார்த்தார்கள், ஆனால் அப்போது காக்கிச் சட்டை இருந்தது, தோளில் பை இருந்தது. அவள் கேட்டாள், "நம்மள எவனுங்க பாக்கப் போறான்? நீங்க என்ன சினிமாக்காரரா?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "கறுப்புக் கண்ணாடி போட்டா மேகம் கூடிக்கிட்ட மாதிரியே இருக்குமுங்க. எனக்கு வெள்ளைக் கண்ணாடிதான். தள்ளித் திறக்கற மாதிரி. அந்தக் கம்பியும் வேண்டாம்." கம்பி வேண்டாம் என்றது அவரைத் திடுக்கிடச் செய்தது. திருடன்? குரங்கு? கல்லெறிகிறவன்? மேலே வைக்கிற கண்ணாடிமேல் ஒரு தேங்காய் விழுந்தால்? தென்னைக்குக் கீழே நிறுத்தமாட்டாள், அவளுக்குத் தெரியாதா. பலாமரம்? கொங்கணம் வரைக்கும் கடலோரமாகவே போக வேண்டும் என்கிறாள், அங்கே என்னென்ன மரமோ. உடையாத கண்ணாடிதான், உடைந்தாலும் கற்கண்டு மாதிரி உதிருமாம், கிழிக்காதாம். அப்படியானால் தூங்குகிறவள் முகத்தில் கற்கண்டு உதிருமே. இந்த நினைப்பை அவர் கையால் ஈயை ஓட்டுவது போல ஓட்டினார். அது மறுபடி வந்து உட்கார்ந்தது.

பரவாயில்லை, மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. ஒரு வாரமாக வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தது. வண்டியின் மூக்கு கிழக்கே. அடுப்பு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தென்கிழக்கு மூலையில், அக்கினி மூலை, அதற்கு ஒரு சின்ன ஜன்னல். தண்ணீர்த் தொட்டி வடகிழக்கில். கிழக்கு வெளிச்சம் முன்கண்ணாடி வழியாகத் தாராளமாக வரும். பின்னால் குறுக்காகப் படுக்கை. வண்டியின் வலப்பக்கம் தெற்கு, அங்கே தலைமாடு. தலைமாட்டுக்கு மேலே சதுரம். வீடு கட்டிய கொத்தனார்கூட இவ்வளவு பார்த்துச் செய்யவில்லை என்று அவருக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவிலேயே கண் கொஞ்சம் செருகியபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. டீ முடிந்து வந்துவிட்டார்கள். எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் படுத்திருந்தது தெரிந்துவிடும். இறங்கும்போது பிடிபடுவதா, படுத்தபடியே பிடிபடுவதா என்று அவர் தயங்குவதற்குள் மணவாளனின் குரல், "ஒயரு எட்டாதுடா. வண்டிய வெளிய தள்ளித் திருப்பிப் போடு, பின்பக்கம் கரண்டு போர்டுகிட்ட வரட்டும்" என்றது. முன்கதவைத் திறந்து ஒருவன் ஸ்டியரிங்கில் ஏறினான், பின்னால் பார்க்கவில்லை. கைபிரேக் இறங்கியது. ஏலேலோ என்று யாரோ கிண்டலாக இழுக்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். வண்டி அவரையும் வைத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தது. சொல்லியிருக்கலாம். "நான் இருக்கறேன்" என்று இரண்டு சொல். துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பட்டறை நிழலைவிட்டு முற்றத்துக்கு வந்ததும் வெயில் உள்ளே பாய்ந்தது. தை மாசத்து வெயில், தெற்கே சாய்ந்தது, தலைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக இறங்கிக் கம்பி நிழலோடு அவர் இடுப்பிலும் முழங்காலிலும் விழுந்தது. இதமாக இருந்தது. வண்டி திரும்ப ஆரம்பித்தது. வெயில் அவர் கால்களைவிட்டு நழுவி முன்பக்கம் போயிற்று, வண்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு கால்மாட்டு ஜன்னலில் நுழைந்து தொடையில் ஏறி, வயிற்றில் ஏறி, கோடு கோடாக முகத்தில் வந்து நின்றது. கண் கூசியது. காலடியிலிருந்து தெற்கு வெயில் முகத்தில் அடிக்கிறது என்றால் தலை எங்கே இருக்கிறது? வடக்கே.

வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறார். அவர் அசையவே இல்லை, துண்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, சதுரம் தலைக்கு மேலேயேதான் இருக்கிறது, ஆனால் வடக்கு வந்துவிட்டது. அக்கினி மூலை எங்கோ போய்விட்டது. வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை ஒரு வாரமாக மறந்து போயிருக்கிறார். ஐயோ, வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு ஏறுகிற பெண்களுக்கெல்லாம் பாலம் வரைக்கும் இடது பக்கம், பாலம் தாண்டினால் வலது பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னவனாயிற்றே. பட்டறையில் வண்டி எப்படி நின்றதோ அப்படியே காலாகாலத்துக்கும் நிற்கும் என்று வீட்டுக் கணக்குப் போட்டிருக்கிறானே. தெய்வானை என்ன செய்வாள்? எங்கே நிறுத்தினாலும் இறங்கி நின்று சூரியனைப் பார்ப்பாள், தலையணையை எடுத்து அடுத்த பக்கம் போடுவாள். அவளுக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் சதுரத்தை எடுத்து யார் அடுத்த பக்கம் போடுவது? ராத்திரி கண் திறந்து விழியை மேலே தூக்கினால் தகரம். வெறும் தகரம். வானம் காலுக்கு மேலே இருக்கும். எழுந்து உட்கார்வாள். காலையில், வித்துப்போடலாமுங்க என்பாள். வண்டி மறுபடி நிழலுக்குள் வந்தது. மேலே யாரோ ஏறினார்கள், கூரை டம் டம் என்று அதிர்ந்தது. துளை போடுகிற மிஷின் ஒருமுறை உறுமிப் பார்த்துக்கொண்டது. இப்போதாவது சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, ஒரு வாரம் பார்த்துப் பார்த்துப் போட்ட கோடு தப்பு என்று. வடக்கு வந்துவிட்டது என்றால் சிரிப்பார்களே. பின்கதவு திறந்தது. துளை மிஷினோடு ஏறியவர் மணவாளன்தான். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அட, ஐயா உள்ளயேதான் இருந்தீங்களா! ஒரு ரவுண்டு ஓசியிலயே போய்ட்டு வந்துட்டீங்க."

நாலைந்து தலைகள் ஜன்னல்களில் எட்டிப் பார்த்தன. கம்பிக்கு வெளியே பல், கம்பிக்கு உள்ளே அவர். காது, கழுத்து, எல்லாம் கொதித்தது. கொதித்து, பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் வணக்கம்கூட வைத்தான். அவர் எழுந்து உட்கார்ந்தார். "வெட்டாதீங்க" என்றார். "கோடு தப்புங்க."

"எத்தன இஞ்சு தள்ளோணும்?"

"இஞ்சு இல்லீங்க. நான் வீட்டுக்குப் போட்ட மாதிரி போட்டுட்டேன்."

மணவாளனுக்குப் புரியவில்லை. அதற்குள் அவருக்குப் பின்னால் தெய்வானை வந்துவிட்டாள், கையில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகள், மாதிரிக்கு. கூட்டத்தைப் பார்த்தாள், துண்டின்மேல் உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்த்தாள். "என்னுங்க, அதுக்குள்ள குடி போயிட்டீங்களா?" என்றபடி ஏறி வந்தாள். அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது, கையைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பக்கம் தெற்கு என்று நினைத்தேன், வண்டியைத் திருப்பினார்கள், வடக்காகிவிட்டது, நீ தலையணையை மாற்றிப் போடுவாய், அப்புறம் மேலே ஒன்றும் இருக்காது. அவள் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தாள், இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அவர் படுத்திருந்த இடத்திலேயே படுத்தாள். பிறகு தலையை அடுத்த பக்கம் மாற்றிப் படுத்தாள். விழி மேலே போயிற்று, அவர் எதிர்பார்த்த அதே மாதிரி, கழுத்து அசையாமல். "மேஸ்திரியண்ணா, இந்த வளைவுக்கும் அந்த வளைவுக்கும் நடுவுல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீளமா வெட்டுனா கூரை தாங்குமா?"

"ரெண்டு ஓரமும் அரையடி விட்டுட்டா தாங்குமுங்கக்கா. வளைவத் தொடாம இருந்தாப் போதும். ஆனா கண்ணாடி பெருசாயிரும்."

"கண்ணாடி இன்னும் சொல்லலீங்க. நல்லவேளை." அவர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அவள் எழுந்து அதைக் கணவர் கையிலிருந்து வாங்காமல் அவர் கையோடு பிடித்துக் கோட்டை இழுத்தாள், சதுரம் நீண்டது. "இவரு ஒரு வாரமா ராத்திரி பூராவும் கண்ணு முழிச்சு என்னயப் பாத்திருக்காரு. அதுல கொஞ்சம் தெசை மாறிப்போச்சு" என்றாள் மணவாளனிடம். பாராட்டா கிண்டலா என்று யாருக்கும் தெரியாத அவளுடைய குரல். அவருக்குத் தெரிந்தது. ராத்திரி அவர் பார்ப்பதை அவள் இத்தனை நாளும் அறிந்திருக்கிறாள். மாதிரிக் கண்ணாடி இரண்டையும் பிரித்துக் காட்டினாள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. "உங்க தலைமாட்டு ஜன்னலுக்கு மட்டும் கறுப்பு போட்டுக்கலாம். எந்தப் பக்கம் உங்க தலைமாடு?" அவர் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளையையே காட்டினார்.

இருவரையும் இறக்கிவிட்டு வெட்டினார்கள். உள்ளேயிருந்து நான்கு மூலைக்கும் துளை போட்டு, மேலே ஏறிக் கட்டிங் மிஷினை வைத்தார்கள். முற்றம் பூராவும் தகரம் அலறியது, பொறி பறந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார், அவள் பொத்திக்கொள்ளவில்லை, மேலே ஏறி நின்றவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பத்தில் எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பது போல. கடைசி ஓரம் அறுந்ததும் நீளத் தகரம் மடங்கித் தொங்க, இரண்டு பேர் அதைப் பிடித்து இறக்கினார்கள். வண்டியை முற்றத்துக்கு நகர்த்திப் பொடியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவள் ஏறினாள். ஓரம் கூராக இருக்கிறது, பார்த்து, என்று மணவாளன் சொன்னார். அவள் துண்டை உதறிப் போட்டு, சூரியன் எங்கே என்று ஒருமுறை பார்த்து, அதற்கேற்பத் தலையை வைத்து, இடது கையை மடக்கிப் படுத்துக்கொண்டாள். மேலே நீளமாக, இரண்டு வளைவுகளுக்கும் நடுவே கோடியிலிருந்து கோடி வரைக்கும், ஒரு மேகமும் இல்லாத தை மாசத்து வானம். சும்மா பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். பக்கத்துக் கொட்டகையில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது, யாரோ லாரி எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரன் அளவு கேட்டு ஆள் அனுப்புவானா, நாமே போக வேண்டுமா என்று அவளிடம் கேட்கக் கதவருகே போனார். அவள் விழி ஒருமுறை மேலே போயிற்று. வந்தது. மூடியது. முழங்கால் கொஞ்சம் மேலே ஏறியது. அவர் காத்திருந்தார். இரண்டாவது முறை திறக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு நீளமாகி, அதில் அவருக்கு மட்டும் தெரிந்த அந்தச் சின்னச் சீழ்க்கை வந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக, சுற்றிலும் தகரமும் மேலே கொஞ்சம் தகரமும் இருக்கிற ஒன்றுக்குள், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தேய்ப்பு மிஷினை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான். சென்னியப்பன் பின்கதவுக்கு நடுவில் போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, "இப்ப வேண்டாம்" என்றார்.

"ஓரம் கூரா இருக்குதுங்கய்யா. தேச்சாத்தான் கண்ணாடியப் புடிக்கற பீடிங் ரப்பர் ஒக்காரும்."

"தேய்க்கலாம்."

"எப்பங்க?"

"அவ எந்திரிக்கட்டும்" என்றார் சென்னியப்பன். பிறகு பக்கத்துக் கொட்டகைக்குப் போய், சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தவனின் தோளைத் தொட்டார்.